மகள் போதகராகணும்னு நிக்கா, சிஎஸ்ஐல பெண் பிள்ளைகளுக்கு ஆர்டினேஷன் (குருப்பட்டம்) நிஜமா எப்படி இருக்கு?

பாறசாலை அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல இருக்கோம், வீடு கேரளத்துல, சொந்தக்காரங்க முக்காவாசி குழித்துறை மார்த்தாண்டம் பக்கம். வீட்டுல பேச்சு தமிழ்தான், பிள்ளைய படிச்சது மலையாளத்துல. சபை சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை. எனக்க மூத்த மக எம்எஸ்சி கணக்கு முடிச்சிட்டு ஒரு ஸ்கூல்ல தற்காலிகமா போயிட்டு இருக்கா, அடுத்து பிஎட் போடுவா, அரசு வேலைக்கு பரீட்சை எழுதுவான்னு நாங்க நினைச்சிட்டு இருக்க, இப்போ பிடி (இறையியல் டிகிரி) படிக்கப்போறேன் போதகராகப்போறேன்னு சொல்லுதா. சும்மா பைபிள் காலேஜ் சர்ட்டிபிகேட்டுக்கு இல்ல, "அங்கி போட்டு திருவிருந்து நடத்துற ஊழியம்தான் எனக்கு வேணும், எட்டாம் கிளாஸ்ல இருந்தே இது மனசுல இருக்கு"ன்னு அவளுக்க அப்பா முகத்தப் பாத்தே சொல்லிட்டா. அவரு ஆட்டோ ஓட்டுறாரு, அதிகம் பேசமாட்டாரு, "கர்த்தர் கூப்பிட்டா நாம யாரு தடுக்க"ன்னு ஒரு வார்த்தையோட முடிச்சிட்டாரு.

எனக்குத்தான் பயம். சபை கமிட்டில சிபாரிசு லெட்டர் கேக்க ரெண்டுபேரும் போனோம். ஒருத்தர் "சண்டே ஸ்கூல் இருக்கு, விபிஎஸ் (லீவுல நடத்துற பைபிள் ஸ்கூல்) இருக்கு, மாதர் சங்கம் இருக்கு, இதெல்லாம் ஊழியம் இல்லியா மக்களே, பொம்பளைக்கு குருப்பட்டம் நம்ம சபை முறை இல்ல"ன்னு நல்ல விதமாத்தான் சொன்னாரு. ஆனா பக்கத்துல இருந்த இன்னொருத்தர் "மாசாமாசம் வர்ற காரியத்தோட திருவிருந்து மேசைக்கிட்ட எப்படி நிப்பா"ன்னு அவ முன்னாலயே கேட்டாரு. வயசுப் பிள்ளை, அத்தனை ஆம்பளைங்க முன்னால. அவ ஒண்ணும் பதில் சொல்லல, வீட்டுக்கு வந்து சாப்பிடல.

விவரம் தெரிஞ்சவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சட்டம் இதுக்கு சம்மதிக்குதா, படிச்சு முடிச்சா பட்டம் கொடுப்பாங்களா, கொடுத்தாலும் நல்ல சபைல வைப்பாங்களா இல்ல ஹாஸ்டல் வார்டனாவே ஒதுக்கிடுவாங்களா, கல்யாண காரியம் எப்படி ஆகும், ராத்திரி சாவு வீடு ஆஸ்பத்திரின்னு ஒத்தைக்கு அலையணுமே. ஆறுதலுக்காக சொல்லவேண்டாம், நிஜத்த சொன்னா போதும்.

ஓய்வு வாத்தியார், மார்த்தாண்டம்

தங்கச்சி, முதல்ல அந்த "சபை முறை இல்ல"ங்கிற பேச்சுக்கு பதில் சொல்லிடுதேன், ஏன்னா அதைச் சொல்லித்தான் உங்களை திருப்பி அனுப்பியிருக்காவ. சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல உருவாச்சு, ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், நம்ம லண்டன் மிஷன் சபைகள் இருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேந்து. அந்த சிஎஸ்ஐ 1976ல இருந்து பெண்களுக்கு குருப்பட்டம் கொடுக்குது. இங்கிலாந்து திருச்சபை முதல்முதலா பெண்களுக்கு கொடுத்தது 1994ல. அவங்களுக்கு 18 வருஷம் முந்தி நாம கொடுத்தாச்சு, இது நம்ம ஆட்களுக்கே பாதிப் பேருக்கு தெரியாது.

2013 செப்டம்பர் 30ல ஆந்திராவுல நந்தியால் டயோசீசுக்கு (ஒரு பேராயருக்குக் கீழ வர்ற சபைகள் சேந்தது) புஷ்பலலிதா அம்மா பிஷப் ஆனாங்க, சிஎஸ்ஐல முதல் பெண் பேராயர். அன்னைக்கு கை வச்சு அபிஷேகம் பண்ணினது அப்போ மாடரேட்டரா, அதாவது சிஎஸ்ஐக்கே தலைமைப் பேராயரா இருந்த நம்ம குமரி பேராயர் தேவகடாட்சம் ஐயா. அதாவது இஞ்ச குமரி மாவட்டத்துல இருந்து போன கைதான் ஒரு பெண்ணை பேராயராக்குச்சு. அடுத்ததடவ கமிட்டில யாராவது முறை பேசினா இந்த வருஷத்த எடுத்துச் சொல்லுங்க.

இன்னும் பின்னால போனாலும் நமக்குத்தான் பலம். லண்டன் மிஷனுக்குப் பின்னால நின்ன காங்கிரிகேஷனல் சபை இங்கிலாந்துல 1917லயே கான்ஸ்டன்ஸ் கோல்ட்மன்னு ஒரு அம்மாவுக்கு பட்டம் கொடுத்துது, அமெரிக்காவுல அதே மரபுல 1853லயே அன்டனெட் பிரவுன். நம்ம பக்கத்துல மிஷன் வளந்த கதையை எடுத்தா பைபிள் உமன்மார் இல்லாம ஒரு பக்கமும் எழுதமுடியாது. ஆம்பள மிஷனரி உள்ள நுழைய முடியாத வீடுகளுக்கு அந்த அம்மாமாரு குடையும் பையுமா நடந்து போய் எழுத்து சொல்லிக்கொடுத்து, வசனம் மனப்பாடம் பண்ணவச்சு, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவாவ. எல்லாம் முடிஞ்சப்பறம் ஞானஸ்நானம் கொடுக்க ஐயரு வருவாரு. ரிஜிஸ்டர்ல அவரு பேரு. மார்பை மறைக்கிற தோள்சீலை உரிமைக்காக 1859 வரைக்கும் அடிவாங்கின பெண்களுக்க பேத்திமாரு இவிய, இவியளுக்கு தகுதி உண்டா இல்லியான்னு கமிட்டி ரூம்ல உக்காந்து பேசுறது எனக்கு பொறுக்கல.

ஆனா ஒரு காரியம் விளங்கிக்கோங்க. சினோடு, அதாவது சிஎஸ்ஐக்க மேல்சபை, வழி திறந்துவிட்டாச்சு, ஆளைத் தேர்வு செய்யிறதும் பட்டம் கொடுக்கிறதும் அந்தந்த டயோசீஸ் கைல. அதனாலதான் ஒரு டயோசீசுல பெண் ஆயர்கள் நல்லா தெரியுற அளவு இருப்பாங்க, பக்கத்து டயோசீசுல தேடித்தான் பாக்கணும். சட்டம் ஒண்ணு, மனசு வேற.

பெரோயா பட்டணத்தான்

அக்கா, உங்க மக ஆத்துமாவை நான் குறைச்சு பேசல, அப்படி ஒரு வாஞ்சை இந்தக் காலத்து பிள்ளைங்ககிட்ட பாக்குறதே அபூர்வம். ஆனா வசனம் வசனம்தானே. 1 தீமோத்தேயு 2:12ல உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லைன்னு பவுல் எழுதியிருக்காரு, 1 கொரிந்தியர் 14:34ல சபைகள்ல பேசாமலிருக்கக்கடவர்கள்னு இருக்கு. கர்த்தர் தெரிஞ்செடுத்த 12 பேரும் ஆண்கள். கத்தோலிக்கர், ஓர்த்தடாக்ஸ், கேரளத்துல மார்த்தோமா, இவங்க யாரும் பெண்களுக்கு குருப்பட்டம் கொடுக்கல, அத்தனை பேரும் தப்பா வாசிச்சாங்கன்னு சொல்லமுடியுமா. சினோடு தீர்மானிச்சதால வசனம் மாறிடுமா. நான் சண்டைக்கு கேக்கல, மனசாட்சிக்கு கேக்குறேன். ஊழியம் செய்ய வேற எத்தனையோ வழி இருக்கு.

மலைச்சபை ஆயர்

அம்மா, நான் ஒரு பெண் ஆயர், எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ரெண்டுலயும் ஊழியம் பாத்தவ. டயோசீஸ் பேரு வேண்டாம். நீங்க கேட்ட ஒவ்வொண்ணும் என் அம்மாவும் கேட்டதுதான், அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அந்த மாதவிடாய் பேச்சுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க மக சாப்பிடாம இருந்தது அதுக்குத்தான். மாற்கு 5ஆம் அதிகாரத்துல 12 வருஷம் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ கூட்டத்துக்குள்ள வந்து இயேசுவோட வஸ்திரத்தை தொடுறா. லேவியராகமத்துப்படி அவ தொட்டதெல்லாம் தீட்டு. அவரு திரும்பிப் பாத்து மகளேன்னு கூப்பிட்டு சமாதானத்தோட போன்னு அனுப்புறாரு, கூட்டத்துக்கு முன்னால. அதுக்கப்பறமும் தீட்டை கொண்டுவந்து திருவிருந்து மேசைல வைக்கிறவங்க எந்த சுவிசேஷத்த வாசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல. இதை உங்க மகளுக்கு இன்னைக்கு ராத்திரியே வாசிச்சுக் காட்டுங்க.

இனி ஊழியம். எனக்கு பட்டம் கிடைச்சதும் முதல்ல வச்சது ஒரு பெண்கள் ஹாஸ்டல்ல. கூட பட்டம் வாங்கின ஆண்கள் எல்லாரும் சபைக்குப் போனாங்க. நான் அரிசி மூட்டை கணக்கும், லீவு லெட்டரும், ராத்திரி சுவரேறி குதிச்ச பிள்ளைகள் பஞ்சாயத்தும் பாத்தேன். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஐயர் லீவுல போனா மட்டும் திருவிருந்து. அப்பறம் ஆஸ்பத்திரி சாப்ளின். அதுவும் கர்த்தருடைய வேலைதான், அங்க நான் பாத்த மரணப்படுக்கைகள் என்னை ஆயரா உருவாக்குச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு சபையை கைல கொடுக்காம இருக்க இது நல்ல வழியா இருக்குங்கிறதும் உண்மை. பட்டம் கொடுத்தாச்சுன்னு கணக்குக்கு கணக்கும் ஆச்சு, மேசைப்பக்கம் வரவிடாமலும் ஆச்சு. ஆர்டினேஷன் அன்னைக்கு எல்லாரும் போட்டோ எடுப்பாங்க அம்மா. அதுக்கு அடுத்து வர்ற போஸ்டிங் ஆர்டரைத்தான் பாக்கணும், டயோசீசுக்கு பெண் ஊழியத்தப்பத்தி என்ன நினைப்புன்னு அந்த பேப்பர்ல தெரிஞ்சிரும்.

பிறகு மலையடிவாரத்துல ஒரு பாஸ்ட்ரேட் (ஒரு ஆயர் பாக்குற சபைகள்) கிடைச்சது, ரப்பர் தோட்டத்து ஜனங்க, சின்னச் சின்ன சபைகளா சிதறிக் கிடக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல நல்ல ஏத்தம். முதல் திருவிருந்துல நானும் ஒரு ரிட்டயர்டு ஐயரும் சேந்து கொடுத்தோம். ஜனங்க ரெண்டு வரிசையா வந்தாங்க. பாதி வழியில சில பேரு என் வரிசைல இருந்து விலகி அவரு வரிசைக்கு மாறிப் போனாங்க, ஆண்கள் மட்டும் இல்ல, வயசான அம்மாமாரும். என் கைல அப்பத் தட்டு, முன்னால யாரும் இல்ல. அந்த ஐயா என்ன பண்ணினாருன்னா தன் வரிசை தீரும் முன்னாலயே தட்டை மேசைல வச்சிட்டு வந்து என் முன்னால முழங்கால் போட்டாரு. நான் அவருக்கு கொடுத்தேன். அதுக்குப்பிறகு அவரு திரும்பிப் போகல, உக்காந்துட்டாரு, மிச்சம் பேரு எல்லாரும் என்கிட்டதான் வரணும். வந்தாங்க. அவரு யாரையும் கண்டிச்சு ஒரு வார்த்தை பேசல. பெண்களுக்கு இந்த ஊழியத்துல நிக்க பலம் வேணும்தான், ஆனா பக்கத்துல ஒரு ஆணாவது முழங்கால் போட தயாரா இருந்தா பாதி வேலை முடிஞ்சிரும்.

ரொம்ப கஷ்டம் எங்கன்னு கேட்டா பிரசங்கபீடத்துல இல்ல, கமிட்டி ரூம்ல. பிரசங்கம் நல்லாருந்தா கொள்ளாம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கணக்கு நோட்டை எடுத்து அறுப்பின் பண்டிகை ஏலத்துல இவ்வளவு விழுந்துதே, வரவுல எங்கேன்னு கேட்டா அப்போதான் "ஆயரம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு வரும். டயோசீஸ் எலக்‌ஷன் நேரம் இன்னும் மோசம், எந்த அணிங்கிறது முதல் கேள்வி. பெண்கள் பொதுவா ரெண்டு அணிலயும் ஆள் கிடையாது, அதனால நல்ல சபை ஒதுக்கும்போது நமக்காக பேச ஆள் இருக்காது. கல்யாணங்களுக்கு பெரிய ஐயரை கூட்டிட்டு வருவாங்க, என்னை ஜெபம் பண்ணச் சொல்லுவாங்க. சாவுக்கு மட்டும் யாரும் ஆள் மாத்தினதில்ல, ராத்திரி எந்நேரம் ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டாங்க, ஒத்தைக்கு போகவும் விட்டதில்ல, வாலிபப் பசங்க பைக்குல முன்னும் பின்னும் வருவாங்க. அந்தப் பயத்த நீங்க விட்டுருங்க.

ஒரு ஆண் ஆயருக்கு கிடைக்காத ஒண்ணு எனக்கு கிடைச்சதையும் சொல்லணும். வீடு சந்திக்கப் போனா ஆம்பள ஐயருக்கு ஹால்ல நாற்காலி, சாயா, ஒரு சங்கீதம், ஜெபம், முடிஞ்சுது. எனக்கு அடுக்களை வரைக்கும் போகமுடியும். அங்கதான் குடிச்சிட்டு வந்து அடிக்கிற புருஷன் கதை, நகை அடகு வச்ச கதை, பிள்ளை இல்லாத கண்ணீர், யாருக்கும் சொல்லாத கட்டி எல்லாம் வரும். ஒரு அக்காவை நான் கையைப் பிடிச்சு நேரா திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கேன், புருஷன்கிட்டகூட சொல்லாத கட்டி அது. இப்பவும் சபைக்கு வாறாங்க.

சகோதரர் பெரோயாவுக்கு. நீங்க மரியாதையா கேட்டீங்க, நானும் அப்படியே சொல்றேன். அதே 1 கொரிந்தியர்ல 11:5 வாசிங்க, ஸ்திரீ ஜெபம்பண்ணுகிறபோதும் தீர்க்கதரிசனம் சொல்லுகிறபோதும் தலைல முக்காடு வேணும்னு பவுல் ஒழுங்கு சொல்றாரு. சபைல வாயே திறக்கக்கூடாதுன்னா முக்காட்டுக்கு ஏன் சட்டம். ரோமர் 16ல பெபேயாளை கெங்கிரேயா சபைக்கு ஊழியக்காரின்னு சொல்லி அனுப்புறாரு, அதே அதிகாரத்துல யூனியா இருக்காங்க, அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவங்கன்னு. அப்பொல்லோவுக்கு தேவனுடைய மார்க்கத்தை விவரமா சொல்லிக்கொடுத்ததுல பிரிஸ்கில்லாள் பங்கு அப்போஸ்தலர் 18ல இருக்கு. பிலிப்புவுக்கு தீர்க்கதரிசனம் சொல்ற 4 குமாரத்திகள். உயிர்த்தெழுந்த செய்தியை சீஷர்களுக்கு சொல்லு போன்னு கர்த்தர் முதல்ல அனுப்பினது மகதலேனா மரியாளை. 12 பேரும் ஆண்கள், சரி. 12 பேரும் யூதர்களும்தானே. அப்போ நாடாரும் பறையரும் முக்குவரும் பிரசங்கபீடம் ஏறலாமான்னு யாராவது கேட்டா நீங்களே எழும்பி நிப்பீங்க.

கல்யாணம், பிரசவம், டிரான்ஸ்பர் பத்தி தனியா எழுதுறேன், ஒரு அடக்கத்துக்குப் போகணும்.

வார்டு சிஸ்டர், லெஸ்டர்

நான் ஊரு நெய்யாற்றின்கரை பக்கம், இங்க இங்கிலாந்துல அரசு மருத்துவத்துறை என்ஹெச்எஸ்ல நர்ஸ். வாத்தியார் ஐயா 1994 சொன்னாரு, அந்த மார்ச்ல பிரிஸ்டல் கதீட்ரல்ல ஒரே நாள்ல 32 பெண்களுக்கு பட்டம் கொடுத்தாங்க. பெண் பிஷப்புக்கு இன்னும் 21 வருஷம் ஆச்சு, 2015 ஜனவரில லிபி லேன். 2025 அக்டோபர்ல கேன்டர்பரி பேராயரா சாரா முல்லாலியை அறிவிச்சாங்க. அவங்க நர்ஸ், அக்கா! வார்டுல வேலை பாத்து, இங்கிலாந்துக்கே தலைமை நர்ஸ் அதிகாரியா இருந்து, அதை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்து, லண்டன் பிஷப் ஆகி, இப்போ இது. அன்னைக்கு எங்க நைட் டியூட்டில மலையாளி, பிலிப்பினோ, நைஜீரியா பிள்ளைக எல்லாருக்கும் அதே பேச்சு.

ஆனா இங்கயும் ஓட்டை இருக்கு. ஒரு சபைக்கு பெண் குரு வேண்டாம்னா அந்த சபை கவுன்சில் தீர்மானம் போட்டு ஒதுங்கலாம், 2014ல பெண் பிஷப்புக்கு சம்மதிச்சப்போ அதையும் சேத்தே ஏற்பாடு பண்ணினாங்க. உச்சில பெண் இருக்கலாம், கீழ ஒரு ஊர்ல அதே பெண் திருவிருந்து கொடுக்கமுடியாது. இதை எதுக்கு சொல்றேன்னா மேல ஒரு பேரு வந்ததும் எல்லாம் சரியாயிட்டுன்னு நாம சந்தோஷப்பட்டு விட்டுடக்கூடாது, நந்தியாலுக்கும் அதேதான்.

பெரோயா பட்டணத்தான்

ஆயரம்மா, 11:5 பத்தி நீங்க சொன்னது யோசிக்க வைக்குது, மறுக்கல. ஆனா தீர்க்கதரிசனம் சொல்றது வேற, சபையை ஆளுறது வேற, அந்த வித்தியாசத்துல நான் இன்னும் நிக்கேன். அவசரத்துக்கு தெபோராளை கர்த்தர் எழுப்பினாரு, சரி, அது ஆம்பளைங்க தவறின காலம்.

ஓய்வு வாத்தியார், மார்த்தாண்டம்

தம்பி, அந்த "அவசரத்துக்கு"ங்கிற வார்த்தையத்தான் நான் பிடிக்கப்போறேன். ஆங்கிலிக்கன் சபைல முதல் பெண் குரு யாருன்னு பாத்தா ஃப்ளாரன்ஸ் லீ டிம் ஓய். ரெண்டாம் உலகப்போர் நேரம் ஹாங்காங் ஜப்பான்காரன் கைல, ஜனங்க மக்காவ்ல அகதியா குவிஞ்சு கிடக்காவ. மக்காவ் சபையை பாத்துட்டு இருந்தது இந்த அம்மா, டீக்கன், அதாவது குருப்பட்டத்துக்கு முந்தின படி. திருவிருந்து கொடுக்க எந்த பாதிரியாரும் எல்லை தாண்டி வரமுடியல. பிஷப் ஹால் 1944 ஜனவரி 25ல அவங்களுக்கு முழு குருப்பட்டம் கொடுத்தாரு, அதுக்காக அந்த அம்மா ஜப்பான் பிடிச்ச இடங்களைத் தாண்டி சீனாவுக்குள்ள போனாங்க. போர் முடிஞ்சுது. உடனே இது முறை இல்லைன்னு எங்க பாத்தாலும் நெருக்கடி, 1946ல அவங்க லைசென்சை ஒப்படைச்சிட்டாங்க, பிஷப்புக்கு தலைகுனிவு வரக்கூடாதுன்னு. பிறகு சீனாவுல சர்ச்சையெல்லாம் அடைச்ச காலத்த வேற தாங்கினாங்க.

ஆபத்துல கூப்பிடுவோம், ஆபத்து தீந்தா அனுப்பிடுவோம். பைபிள் உமனுக்கும் இதேதான் நடந்துது. கேரளத்துலயும் குமரிலயும் ஆம்பளைங்க கல்ஃப்ல, ஞாயித்துக்கிழமை சபைல பாருங்க, பெஞ்சுல முக்கால்வாசி யாரு? சண்டே ஸ்கூல் யாரு, கொயர் யாரு, காணிக்கை யாரு கொண்டுவாறா? அவசரம் இன்னும் தீரல தம்பி.

முளகுமூடு அக்கா

நான் கத்தோலிக்கம், நடுவுல பேசுறதுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கு 1994ல ரெண்டாம் ஜான்பால் திருத்தந்தை பெண்களுக்கு குருப்பட்டம் கொடுக்க திருச்சபைக்கு அதிகாரமே இல்லைன்னு எழுதி முடிச்சிட்டாரு. 2021ல பிரான்சிஸ் திருத்தந்தை வாசகம் வாசிக்கிறதையும் பீட உதவியையும் பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டாரு, டீக்கன் காரியத்துக்கு கமிஷன் போட்டாங்க, அதோட நிக்குது. இஞ்ச பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் எல்லாம் நடத்துறது சிஸ்டர்மாரு. எனக்க சின்னம்மை ஒரு சிஸ்டர், அவிய மறையுரை வச்சா ஊரே அழும், ஆனா வைக்க இடமில்ல. பாறசாலை அக்கா, உங்க மகளுக்கு வாசல் திறந்து இருக்கு, அது எவ்வளவு பெரிய காரியம்னு எங்களைக் கேட்டாத்தான் தெரியும். தயவுசெய்து அவளைப் பிடிச்சு வைக்காதீங்க.

சேனை வீட்டுப் பிள்ளை

இரட்சணிய சேனைல பெண்கள் ஆரம்பத்துல இருந்தே ஆபீசர்கள். கேத்தரின் பூத் அம்மா 1859லயே பெண்கள் பிரசங்கம் பண்ணலாம்னு புஸ்தகம் எழுதினாங்க, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அவங்க பேருதான். 1934ல எவாஞ்சலின் பூத், 1986ல ஈவா பரோஸ், உலகத் தலைமைக்கே பெண்கள் வந்தாங்க. ஆனா நாங்க ஞானஸ்நானம் திருவிருந்து ரெண்டும் சடங்கா நடத்துறதில்ல, அதனால மேசைக்கிட்ட யார் நிக்கிறதுங்கிற சண்டையே எங்களுக்கு வரல. உங்க மகளுக்கு அந்த மேசைதான் அழைப்புன்னா சிஎஸ்ஐதான் அவளுக்கு இடம்.

பாறசாலை அம்மா

எல்லாருக்கும் நன்றி. மாற்கு 5 வாசிச்சோம். அவளே சத்தமா வாசிச்சா, அவளுக்க அப்பா டிவிய ஆஃப் பண்ணிட்டு கேட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அவரே கமிட்டிக்கு வாறேன்னு சொல்லியிருக்காரு, 1976ம் 2013ம் ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சிருக்காரு.

ஆயரம்மா, இனி கேக்கவேண்டியது என்னென்ன, எங்க படிக்கணும்? திருவனந்தபுரம் கண்ணம்மூலை இறையியல் காலேஜா, மதுரை அரசரடி இறையியல் காலேஜா? அவளுக்கு தமிழ் பேச்சு நல்லா வரும், வாசிக்க மெதுவாத்தான்.

மலைச்சபை ஆயர்

அம்மா, அடக்கம் முடிஞ்சு இப்போதான் வந்தேன். வரிசையா சொல்றேன். சபை கமிட்டி சிபாரிசு, பாஸ்ட்ரேட் ஆயர் லெட்டர், அப்பறம் டயோசீஸ் நேர்முகம், அவங்க ஸ்பான்சர் பண்ணினாத்தான் படிப்பு முடிஞ்சு பட்டத்துக்கு உரிமை. ஸ்பான்சர் இல்லாமலும் பிடி சேரலாம், சில நல்ல மனசுக்காரங்க "முதல்ல படிச்சிட்டு வா, பாப்போம்"னு சொல்லுவாங்க. அதை நம்பவேண்டாம். படிச்சு முடிச்சு வீட்டுல உக்காந்திருக்கிற பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும், பைபிள் டீச்சரா ஏதோ ஒரு ஸ்கூல்ல இருக்காங்க. குருப்பட்டத்துக்கான கேண்டிடேட்னு தெளிவா எழுதின லெட்டர் கைல வாங்கின பிறகு அட்மிஷன் போடுங்க. "ஊழியத்துக்கு"ன்னு பொதுவா எழுதியிருந்தா திருப்பிக் கொடுத்து மாத்தி வாங்குங்க.

நேர்முகத்துல கல்யாணம் எப்போன்னு கண்டிப்பா கேப்பாங்க, கூட வர்ற ஆண் பிள்ளைங்ககிட்டயும் கேப்பாங்க, ஆனா அர்த்தம் வேற. அவ பதில் யோசிச்சு வச்சிட்டுப் போகட்டும். எனக்க கணவரு ஸ்கூல் கிளார்க், டிரான்ஸ்பர் வரும்போதெல்லாம் அவரு பஸ்ஸுல அலையுறாரு, பாஸ்ட்ரேட் பங்களாவுல அவரு சமைக்கிறதை பாத்து முதல்ல ஜனங்க சங்கடப்பட்டாங்க, இப்போ மீன் வாங்கினா அவருகிட்டதான் கொடுத்துட்டுப் போறாங்க. இன்னொரு ஆயரைக் கட்டினவங்களும் உண்டு, அதுல ரெண்டுபேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சபை கிடைக்குமாங்கிறது பெரிய தலைவலி, பெரும்பாலும் மனைவிதான் விட்டுக்கொடுக்கவேண்டி வருது. கட்டாமலே நல்லா ஊழியம் பாக்கிறவங்களும் இருக்காங்க. பிரசவ லீவு டயோசீஸ் விதில எத்தனை நாள்னு இப்பவே கேளுங்க, வெக்கப்படவேண்டாம், கேட்டவங்களாலதான் அந்த விதி வந்ததே.

காலேஜ் பத்தி. ரெண்டும் செராம்பூர் பல்கலைக்கழகத்து பிடிதான், டிகிரி முடிச்சவங்களுக்கு 4 வருஷம். அரசரடில பாடம் தமிழ்ல நடக்கும், தெருவுல இறங்கி ஜனங்களோட நிக்கப் பழக்குவாங்க. ஆனா உங்க டயோசீஸ் கேரளத்துல, நாளைக்கு அவ நடத்தப்போற ஆராதனை முக்கால்வாசி மலையாளத்துல. மதுரைல படிச்சிட்டு வந்தா "தமிழ் சபைதான் உனக்கு"ன்னு ஒண்ணு ரெண்டு சபைக்குள்ள சுருக்கிடுவாங்க. கண்ணம்மூலைல சேரட்டும், வீட்டுக்கும் பக்கம், ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்து தமிழ் ஆராதனைகளுக்கு போய் தமிழ் லித்தர்ஜி (ஆராதனை முறை) வாசிச்சுப் பழகட்டும். ரெண்டு மொழிலயும் திருவிருந்து நடத்த வர்ற ஆளை எல்லைல எந்த டயோசீசும் ஹாஸ்டல்ல வச்சு வீணாக்க யோசிக்கும்.

கமிட்டிக்கு கொடுக்கிற லெட்டரை மலையாளத்துல எழுதி ஒரு காப்பில ரசீது கையெழுத்து வாங்கச் சொல்லுங்க அவங்க அப்பாகிட்ட. அனுப்புறதுக்கு முன்னால எனக்கு தனிச்செய்தில போடுங்க, வாசிச்சு திருத்தித் தாறேன்.